ஆற்றில் போட்டதை உரைத்துப் பார்ப்போம்

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் பயிலும் மாணவர்களும் ஊர்ப் பெரியோர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்



சாக்கடைத் தண்ணீரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "நல்ல மாலை நேரத்தில் இதுதான் கிடைத்ததா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேறு ஊராக இருந்தால் நானும் தயங்கியிருப்பேன். விருத்தாசலத்தில் தயங்கத் தேவையில்லை. தண்ணீரில் ஒன்றைப் போட்டால் அது எங்கே போய்ச் சேரும் என்ற கேள்விக்கு இந்த ஊர் வைத்திருப்பது போன்ற கதையை வேறு எந்த ஊரும் வைத்திருக்கவில்லை.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். திருமுதுகுன்றம் என்ற இந்த ஊரின் இறைவன் சுந்தரருக்கு 12,000 பொன் கொடுத்தார். அத்தனை பொன்னையும் எப்படித் திருவாரூருக்குக் கொண்டுபோவது? மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்கிறார்களே, அந்த ஆறு உங்கள் ஆறு.

பழமொழி இதோடு நின்றுவிடுகிறது. கதை நிற்கவில்லை. சுந்தரர் பொன் முழுவதையும் ஆற்றில் போட்டுவிடவில்லை. ஒரு சிறு துண்டை வெட்டி மச்சமாக வைத்துக்கொண்டார். மச்சம் என்றால் மாதிரி. இன்றைய பேச்சில் சாம்பிள். குளத்தில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மீண்டும் பாடிய பிறகே சரியாயிற்று. அந்தக் குளமான கமலாலயத்தின் கரையில் மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் அதற்குச் சாட்சியாக உட்கார்ந்திருக்கிறார். கொடுத்தவர் சிவபெருமான். ஆனாலும் உரைத்துப் பார்க்காமல் வாங்கிக்கொள்ளவில்லை, பாருங்கள்.

நாமும் ஆற்றில் போடுகிறோம். என்ன போடுகிறோம் என்பதை விரித்துச் சொல்ல வேண்டாம். அதோடு கொஞ்சம் குளோரினையும் போட்டுவிட்டு, கிருமி செத்துவிட்டது என்று நம்புகிறோம். உரைத்துப் பார்ப்பது மட்டும் இல்லை. இன்றைக்கு அந்த உரைகல்லைக் கையில் எடுப்போம்.

திருவிழாவுக்கு முன் எந்த ஊரிலும் காணும் காட்சி ஒன்று உண்டு. தேரோடும் வீதியில் சாக்கடை ஓரமாகப் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டே போவார்கள். மாக்கோலம் இழுத்தது போல வெள்ளைக் கோடு. மூக்கில் ஏறும் நெடி. "மருந்து போட்டாச்சு" என்று கடைக்காரர் நிம்மதியாவார். அந்தக் கோட்டினால் எத்தனை கிருமி செத்தது? உலர்ந்த மண்மேல் கிடக்கும் தூள் தண்ணீரில் கரையாதவரை அதற்கு வேலையே இல்லை. நெடியை வைத்து மருந்தின் வேலையை அளப்பது, புகைபோக்கியின் புகையைப் பார்த்துச் சூளையின் சூட்டைச் சொல்வது போன்றது. அப்படிச் சொல்கிறவரிடம் நீங்கள் ஒரு கோப்பையைக்கூடச் சுடக் கொடுக்க மாட்டீர்கள்.

குளோரினைக் குறை சொல்ல நான் வரவில்லை. மனித உயிரை இவ்வளவு மலிவாகக் காத்த பொருள்கள் சிலவே. 1847 இல் வியன்னா மருத்துவமனையில், பிணப் பரிசோதனை செய்த கையோடு பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவ வைத்தார் செம்மல்வைஸ். தாய்மார்களின் சாவு மளமளவென்று குறைந்தது. 1908 இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் தன் குடிநீருக்குத் தொடர்ந்து குளோரின் சேர்க்கத் தொடங்கியது. மற்ற நகரங்கள் அந்த வழியில் வந்தன. இன்று நம் தெருக்குழாயில் வரும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. குடிநீரில் குளோரின் வென்றது உண்மை. அந்த வெற்றியை அப்படியே சாக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் கணக்குப் பிசகுகிறது.

முதலில், அது எப்படிக் கொல்கிறது? குளோரின் வாயுவானாலும், பிளீச்சிங் பவுடரானாலும், மருத்துவமனைகளில் வாங்கும் சோடியம் ஹைபோகுளோரைட் திரவமானாலும், தண்ணீரில் கரைந்தபின் எல்லாம் இரண்டே வேடங்களில் நிற்கின்றன. ஒன்று ஹைபோகுளோரஸ் அமிலம். மற்றது ஹைபோகுளோரைட் அயனி. அமிலத்துக்கு மின்னூட்டம் இல்லை. பாக்டீரியாவின் சவ்வைத் துளைத்து உள்ளே போய் அதன் நொதிகளைச் சிதைத்துவிடும். அயனிக்கு எதிர் மின்னூட்டம். பாக்டீரியாவின் மேற்பரப்பும் எதிர் மின்னூட்டம். வாசலிலேயே தள்ளி நிறுத்தப்படுகிறது. ஈ.கோலையைக் கொல்வதில் அமிலம் அயனியைவிட ஏறத்தாழ 80 முதல் 100 மடங்கு வல்லது.

இரண்டில் எது கூடுதலாக இருக்கும் என்பதை நீரின் பி.எச். முடிவு செய்கிறது. 7.5 அளவில் இரண்டும் பாதிப் பாதி. 6.5 என்றால் பத்தில் ஒன்பது பங்கு அமிலம். 8.5 என்றால் பத்தில் ஒரு பங்கு. ஒரே மூட்டை, ஒரே விலை, ஒரே ஆள். தண்ணீர் மாறினால் வேலை மாறிவிடுகிறது.

அடுத்தது நேரம். இதை வேறு ஊரில் விளக்க அரைமணி ஆகும். உங்களுக்கு ஒரு சொல் போதும்: கூம்பு. சூளைக்குள் சேகர் கூம்பு வைக்கிறீர்கள். 1886 இல் பெர்லினில் ஹெர்மான் சேகர் தந்தது அது. வெப்பமானி சூட்டை மட்டும் சொல்லும். கூம்பு அந்தச் சூடு எவ்வளவு நேரம் நின்றது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தலை சாய்க்கும். குளோரினுக்கும் அதே கணக்குதான். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை எத்தனை நிமிடம் என்பதால் பெருக்க வேண்டும். லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக் என்ற பெண்மணி 1908 இல் இதன் அடிப்படையைக் கண்டு சொன்னார்: கிருமிகள் எல்லாம் ஒரே நொடியில் சாவதில்லை, ஒவ்வொரு நிமிடமும், மிஞ்சியிருப்பதில் ஒரு குறிப்பிட்ட பங்கு சாகிறது. அதே ஆண்டில் வாட்சன் என்பவர் மருந்தின் செறிவையும் அந்தக் கணக்கில் சேர்த்தார்.

அதனால்தான் சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் கலந்த நீரை உடனே வெளியே விடாமல், பாம்பு போல வளைந்து வளைந்து போகும் தொட்டியில் சுமார் அரைமணி நேரம் நகர விடுகிறார்கள். குறுக்குச் சுவர்கள் இல்லாவிட்டால் நீர் நேர்வழியாக ஓடி ஐந்து நிமிடத்தில் வெளியேறிவிடும். ஓடும் சாக்கடையில் தூவிய பவுடருக்கு அந்த அரைமணி எங்கே கிடைக்கும்?

இனி எண்ணுவோம். நூறு மில்லி பச்சைக் கழிவுநீரில் மலக் கோலிஃபார்ம் என்ற பாக்டீரியா பத்து லட்சம் முதல் பத்துக் கோடி வரை இருக்கும். நடுவாக ஒரு கோடி என்று வைத்துக்கொள்வோம். 2017 இல் மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி, சுத்திகரித்து வெளியே விடும் நீரில் அது 1,000க்குக் கீழே இருக்க வேண்டும். தொலைக்காட்சி விளம்பரத்தில் 99.9 சதவீதக் கிருமிகளைக் கொல்லும் என்கிறார்களே, அந்த மருந்தை இதில் ஊற்றினால் என்ன மிஞ்சும்? 10,000. விதி அனுமதிப்பதைப் போலப் பத்து மடங்கு. இன்னொரு 9 சேர்ந்து 99.99 ஆனால்தான் வாசற்படியை எட்டுகிறோம். சதவீதத்தில் பார்த்தால் தம்மாத்துண்டு வித்தியாசம். ஆற்றில் இறங்கி முழுக்குப் போடுகிறவருக்கு அது சின்னது இல்லை.

அந்த நான்காவது 9 ஏன் கைக்கு எட்டுவதில்லை? குளோரினுக்கு முன்னால் பெரிய பந்தி காத்திருக்கிறது. கழிவுநீரில் கிருமி மட்டுமா மிதக்கிறது? சோறு, எண்ணெய், சோப்பு, மலம், சிறுநீர். குளோரின் எதிரில் வந்ததையெல்லாம் தாக்கும். அழுக்குத் தின்றது போக மீதிதான் கிருமிக்கு. அதிலும் அம்மோனியா பெரிய பங்காளி. சிறுநீரின் யூரியாவிலிருந்து பிறக்கும் அம்மோனியா, குளோரினைப் பிடித்துக் குளோரமைனாக்கிவிடும். குளோரமைனும் கிருமியைக் கொல்லும், ஆனால் ஆமை வேகத்தில். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் குடிநீர் அட்டவணையில், 10 டிகிரி நீரில் வைரஸ்களில் 99 சதவீதத்தை அழிக்க, அம்மோனியாவிடம் சிக்காத தனிக் குளோரினுக்கு, மில்லிகிராமை நிமிடத்தால் பெருக்கி வரும் அந்தப் பெருக்குத்தொகை 3 போதும். குளோரமைனுக்கு 643 வேண்டும். இருநூறு மடங்குக்கு மேல்.

"அப்படியானால் அம்மோனியா தீரும்வரை கொட்டிவிட்டால் போகிறது" என்று யாராவது சொல்லலாம். கொட்டிப் பார்ப்போம், காகிதத்தில். ஒரு பங்கு அம்மோனியா நைட்ரஜனைத் தீர்க்க நடைமுறையில் எட்டு முதல் பத்துப் பங்கு குளோரின் வேண்டும். வீட்டுக் கழிவுநீரில் லிட்டருக்கு 25 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் இருப்பது சாதாரணம். அப்படியென்றால் 250 மில்லிகிராம் குளோரின். இந்த ஊரின் அளவில், 70,000 பேர் வாழும் நகரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 135 லிட்டர் நீர் என்ற திட்ட அளவில், எண்பது சதவீதம் கழிவாகத் திரும்பினால், நாளொன்றுக்கு 75 லட்சம் லிட்டர். அதற்கு 1,875 கிலோ குளோரின். புத்தம்புதிய பிளீச்சிங் பவுடரிலும் மூன்றில் ஒரு பங்குதான் செயல்படும் குளோரின். ஆக, தினமும் ஐந்தரை டன்னுக்கு மேல் பவுடர். ஒரு லாரி நாள்தோறும் வந்து நிற்க வேண்டும்.

இப்போது வேறு கணக்கு. அதே நீரைக் கசடு படியவைத்து, காற்றூட்டி, நுண்ணுயிர்களைக் கொண்டே அழுக்கைத் தின்ன வைத்து, அம்மோனியாவையும் அவற்றைக் கொண்டே நைட்ரேட்டாக மாற்றிய பிறகு குளோரினைக் கூப்பிடுங்கள். லிட்டருக்கு ஐந்து மில்லிகிராமில் வேலை முடியும். ஒரு நாளைக்கு 38 கிலோ குளோரின். பவுடராக 115 கிலோ அளவில், நாலைந்து மூட்டை. ஐந்தரை டன் எங்கே, 115 கிலோ எங்கே! கடையில் வாங்கிய மருந்து ஒன்றுதான். இடையில் நடந்த உழைப்புதான் விலையைக் குறைத்தது.

பீங்கான்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஈரம் காயாத மண்பாண்டத்தின்மேல் கிளேஸ் தடவிச் சூளையில் வைப்பீர்களா? களிமண்ணை அலசி, வார்த்து, காயவைத்து, முதல் சூடு கொடுத்து, பிஸ்கட் ஆனபிறகுதானே கிளேஸ்? குளோரினும் அப்படிக் கடைசிப் பூச்சு. உள்ளே விரிசல் இருந்தால் பூச்சு அதை மறைக்கும், மூடாது.

இன்னொரு சங்கதி உங்கள் கண்ணுக்கு உடனே படும்: துகளின் அளவு. நல்ல சீனக் களிமண் துகள் இரண்டு மைக்ரானுக்கும் கீழே. பாக்டீரியாவும் ஏறத்தாழ அந்த அளவு. கழிவுநீரில் மிதக்கும் ஒரு மலத்துணுக்கு ஐம்பது, நூறு மைக்ரான் இருக்கலாம். அதன் நடுவில் பதுங்கியிருக்கும் பாக்டீரியாவுக்கு அது கோட்டைச் சுவர். குளோரின் வெளிச்சுவரை அரித்துக் களைத்துப்போகும்.

கோட்டை இல்லாமலே தாங்கும் சிலவும் உண்டு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி தன்னைச் சுற்றித் தடித்த ஓடு கட்டிக்கொள்ளும். அதில் 99.9 சதவீதத்தை அழிக்கப் பெருக்குத்தொகை 15,300 வேண்டும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் என்றால் பத்து நாளுக்கு மேல் அந்த நீரிலேயே ஊற வேண்டும். 1993 இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குளோரின் சேர்த்த குடிநீரிலேயே இது தப்பி வந்து, நான்கு லட்சம் பேரின் வயிற்றைக் கலக்கியது. உருண்டைப்புழுவின் முட்டையும் குளோரினைச் சட்டை செய்யாது. கழிவுநீர் பாயும் வயலில் புல் அறுப்பவருக்கு முதலில் ஆபத்து தருவது இந்த முட்டைதான். பாசனத்துக்கு விடும் நீரில் லிட்டருக்கு ஒரு முட்டைக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்கு மருந்து வேறு: முட்டை கனமானது, நீரைக் குளத்தில் சில நாள் தேக்கினால் அடியில் படிந்துவிடும். வெயிலுக்கு நம்மிடம் பஞ்சமா? ஆழமில்லாத குளங்களில் அந்த வெயில் பாக்டீரியாவையும் காசு கேட்காமல் கொல்கிறது.

இங்கே உங்கள் தொழிலின் பெருமை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1884 இல் பாரிஸில், பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் ஷம்பர்லான் என்பவர் கிளேஸ் பூசாத பீங்கானில் மெழுகுவர்த்தி வடிவ வடிகட்டி செய்தார். அதன் நுண்துளைகள் பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தின. நம் வீடுகளில் எவர்சில்வர் ஃபில்டருக்குள் நின்ற வெள்ளைக் கேண்டில் அதன் பேரப்பிள்ளை. 1892 இல் ருஷ்யாவில் இவனோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலைச் சாற்றை அந்தப் பீங்கானில் வடித்தார். வடிந்த தெளிந்த சாறும் நோயைப் பரப்பியது. பாக்டீரியாவைவிடச் சிறிய ஒன்று உண்டு என்று உலகம் அறிந்தது அப்படித்தான். வைரஸ் என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு பீங்கான் துண்டு.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பீங்கானைத் தாண்டும் வைரஸ், தெளிந்த நீரில் தனிக் குளோரினிடம் எளிதில் மாட்டிக்கொள்ளும். குளோரினுக்கு அசையாத ஒட்டுண்ணியும் புழுமுட்டையும் பீங்கானைத் தாண்ட முடியாது. ஒன்றின் ஓட்டையை மற்றது அடைக்கிறது. பீங்கான் சவ்வுகள் இப்போது கழிவுநீர் நிலையங்களுக்கு வந்துவிட்டன. பொம்மையும் அகலும் ஃபியூஸ் கட்டையும் செய்த ஊர் இதை ஏன் யோசிக்கக் கூடாது என்று மாணவர்களைக் கேட்கிறேன்.

செப்டிக் டேங்க் லாரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாக்கடைக் குழாய் இல்லாத ஊர்களில் கழிவு லாரியில்தான் பயணம் போகிறது. அந்தக் கெட்டிக் கசடுக்கு முன் பவுடர் மூட்டை எந்த மூலைக்கு? இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழியில் 2017 இல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கினார்கள். கருங்குழிக்கும் மதுராந்தகத்துக்கும் அது பொது. கசடைத் தனியே பிரித்து உலர்த்துகிறார்கள், நீரைத் தனியே சுத்தம் செய்கிறார்கள். சின்ன ஊருக்கும் அது முடிகிற காரியம்தான்.

போதாததன் கேடு ஒரு பக்கம். மிஞ்சுவதன் கேடு இன்னொரு பக்கம். மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. அதுவும் சுந்தரர் பாடிய தலம். வெள்ளாறு சேத்தியாத்தோப்பு வழியாகப் பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. அங்கே கழிமுகத்தில் மீனும் இறாலும் குஞ்சு பொரிக்கின்றன. நன்னீர் உயிர்களுக்கு ஆற்றில் குளோரின் லிட்டருக்கு 0.019 மில்லிகிராமைத் தாண்டினாலே குறுகிய நேரத்தில் கேடு என்று அமெரிக்க அளவுகோல் சொல்கிறது. நம் விதி, வெளியேறும் கழிவுநீரில் 1 மில்லிகிராம் வரை விடுகிறது. ஆறு நிறைய ஓடினால் அது நீர்த்துப் போகும். கோடையில் ஆற்றில் ஓடுவதே கழிவுநீர் மட்டும்தான் என்றால் எதில் நீர்ப்பது? கடைசியில் சோடியம் பைசல்பைட் போன்ற ஒன்றைச் சேர்த்து மிஞ்சிய குளோரினை முறிக்க வேண்டும். இதுபோக, குளோரினும் அழுகிய கரிமப் பொருளும் சேர்ந்தால் குளோரோஃபார்ம் வகைச் சேர்மங்கள் பிறக்கின்றன என்று நெதர்லாந்தின் யோகனஸ் ரூக் 1974 இல் காட்டினார். அழுக்கை முதலில் எடுத்துவிட்டால் இந்தத் தொல்லையும் குறையும்.

சரி, உரைகல் எங்கே? விலை பெரிதில்லை. சுகாதார ஆய்வாளர் கையில் இருக்கும் குளோராஸ்கோப் ஒன்று. குழாயில் நீர் எடுத்து, ஆர்த்தோடாலிடின் சில சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். தனிக் குளோரின் உடனே நிறம் காட்டும். குளோரமைன் தாமதித்து மெல்லக் காட்டும். சொட்டு விட்டுவிட்டு ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்து பார்த்தால், ஆமையையும் குதிரையென்று எழுதிவிடுவோம். பணிக்காலத்தில் ஒரு நிலையத்தில் நானே கண்டது இன்னொன்று. பதிவேட்டில் தினமும் ஒரே அளவு பவுடர், கோணல் இல்லாத கையெழுத்து. கிடங்கில் மூட்டைகள் வாய் திறந்து, ஈரத்தில் கட்டிதட்டிக் கிடந்தன. மூக்கருகே கொண்டுபோனேன், நெடியே இல்லை. அது சுண்ணாம்பாகி எத்தனை மாதமோ! போட்டதைத்தான் எழுதியிருந்தார்கள், பொய்யில்லை. செத்ததை எழுதும் பத்தி அந்தப் பதிவேட்டில் இல்லை.

2022 ஜூலையில் காரைக்காலில் காலராவும் வயிற்றுப்போக்கும் பரவி, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். நமக்குத் தூரத்து ஊர் இல்லை அது. கழிவுநீரும் குடிநீரும் சந்திக்கும் இடத்தைத் தேடி நோய் பல நூற்றாண்டாக நடந்துகொண்டிருக்கிறது. அந்தச் சந்திப்பைத் தடுக்கும் கடைசிக் காவலாளி குளோரின். கடைசிக் காவலாளியை முதல் வாசலில் தனியே நிறுத்திவிட்டு, மற்ற கதவுகளையெல்லாம் திறந்து போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது.

உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த முறை எங்கேயாவது வெள்ளைக் கோட்டைப் பார்த்தால், எத்தனை மூட்டை போட்டீர்கள் என்று கேட்காதீர்கள். வெளியேறும் நீரில் நூறு மில்லிக்கு எத்தனை மிஞ்சியது, எந்தத் தேதியில் மாதிரி எடுத்தீர்கள் என்று கேளுங்கள். எழுதி ஒட்டச் சொல்லுங்கள், ரேஷன் கடைப் பலகை போல எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில். சுந்தரர் ஆற்றில் போடும் முன் மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார். ஆறு அதே ஆறு. மச்சம் எடுக்கும் வேலை இப்போது நம்முடையது.